பழைய ஹாலிஹாக்கைப் பிடுங்கிப் போடு

ஹாலிஹாக் வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. பூத்து முடிந்த செடியை, அடுத்த வருடமும் பூக்கும் என்று நம்பிக் காப்பாற்றி வைப்பவர்கள் ஒரு கட்சி. பூத்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டு, விதையிலிருந்து மறுபடி தொடங்குபவர்கள் இன்னொரு கட்சி. என் தங்கை முதல் கட்சி, நான் இரண்டாவது. எங்கள் இருவருக்கும் போனில் நடக்கும் வாக்குவாதத்தில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். அவள் வீட்டுச் சுவரோரம் அடித்தண்டு கட்டைபோல முற்றிய பழைய செடிகள் நாலைந்து நிற்கின்றன. ஒவ்வொரு வருடமும் பூக்கிறதோ இல்லையோ, இலையெல்லாம் துரு நோய் பிடித்துத் தொங்குகிறது. "முதன்முதலா நான் வளர்த்தது அக்கா, எப்படிப் பிடுங்கறது?" என்பாள். பாசத்தோடு விவாதம் செய்ய முடியாது. எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செடியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் இதற்குச் சொந்தம். வெண்டைப் பூவை ஒருமுறை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஹாலிஹாக் பூ அந்நியமாகத் தெரியாது. அதே ஐந்து இதழ்கள், நடுவில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து உண்டான அதே தூண். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. நல்ல இடம் கிடைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி 2, 2.5 மீட்டர் வரை ஒரே தண்டாக எழும்பி, அடியிலிருந்து நுனி நோக்கி வரிசையாகப் பூத்துக்கொண்டே போகும். லின்னேயஸ் 1753-ல் இதற்கு அல்சியா ரோசியா என்று பெயர் வைத்தார். இடையில் கொஞ்ச காலம் ஆல்தியா என்ற பேரினத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். விதைப் பொட்டலத்தில் ஆல்தியா என்று போட்டிருந்தாலும் அதே செடிதான், குழம்ப வேண்டாம்.

எங்கள் சண்டைக்குக் காரணமே இதன் ஆயுள்தான். இயல்பில் இது இரண்டு வருடச் செடி. முதல் வருடம் தரையோடு தரையாக வட்டமாக இலை விட்டு, வேரில் சேமித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குளிர்காலம் ஒன்றைக் கடந்தபின் அடுத்த வருடம் தண்டு விட்டுப் பூத்து, விதை கொடுத்து, பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சில செடிகள் அடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து மூன்றாவது, நான்காவது வருடம்கூட வரும். இந்தச் 'சில செடிகள்'தான் என் தங்கையின் கட்சிக்கு ஆதாரம். உறைபனியே இல்லாத சூடான இடங்களில் கதை வேறு. அங்கே மழையும் வெயிலும் தணிந்த பிறகு விதைத்தால், குளிர்ந்த மாதங்களில் வளர்ந்து நாலைந்து மாதத்தில் பூக்கும். அடுத்த கோடையைத் தாண்டுவது அபூர்வம். அங்கே இருப்பவர்கள் எந்தக் கட்சி என்று யோசிக்கவே வேண்டாம், ஒரே பருவத்துச் செடியாக நினைத்துக்கொள்வதுதான் சரி. முதல் வருடமே பூக்கும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகைகளும் இருக்கின்றன. சம்மர் கார்னிவல், மெஜோரெட் இரண்டும் அப்படி வந்தவை. பொறுமை இல்லாதவர்களுக்கும் சூடான இடத்துக்காரர்களுக்கும் அவைதான் தோது.

விதைப்பது சுலபம். விதை தட்டையாக, ஓரத்தில் ஒரு மெல்லிய விளிம்போடு பெரிதாகவே இருக்கும், கையில் எடுத்து எண்ணி வைக்கலாம். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் விதைப்பேன். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழமாகப் புதைத்தால் வருவதற்குச் சோம்பல்படும். மண் 20 டிகிரி வெப்பத்தில் இருந்தால் பத்து நாள், இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். வட்டமான இரண்டு விதையிலைகள், அப்புறம் சுருக்கம் சுருக்கமாக உண்மையான இலைகள்.

இடம் மாற்றுவதில்தான் கவனம் வேண்டும். ஹாலிஹாக்குக்கு ஆணிவேர். நாற்று சின்னதாக இருக்கும்போதே அந்த வேர் நேராகக் கீழே ஓட ஆரம்பித்துவிடும். சின்னத் தொட்டியில் ரொம்ப நாள் வைத்தால் அடியில் முட்டிச் சுருண்டுவிடும், சுருண்ட வேர் பிறகு நிமிராது. எனவே மூன்று நான்கு நிஜ இலை வந்ததும் மாற்றிவிட வேண்டும், அல்லது பூக்க வேண்டிய இடத்திலேயே நேராக விதைத்துவிட வேண்டும். நான் நேர் விதைப்புக்காரி. ஒரு குழியில் மூன்று விதை போட்டு, வளர்ந்தபின் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுவேன். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடும், அதனால் கத்தரி. செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி. சின்ன நாற்றைப் பார்க்கும்போது இவ்வளவு இடமா என்று தோன்றும். முழு வளர்ச்சியில் அந்த இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிடும், அப்போது இடைவெளி போதாது என்றே தோன்றும்.

இடைவெளிக்கு உண்மையான காரணம் காற்றோட்டம். அங்கிருந்து துருவுக்கு வருகிறேன்.

முதலில் இலையின் மேல்பக்கம் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் கடுகு அளவுகூட இல்லாத ஆரஞ்சு, பழுப்பு நிறக் கொப்புளங்கள். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். நாளடைவில் கொப்புளங்கள் பெருகி இலை ஓட்டை விழுந்து, காய்ந்து, தண்டோடு ஒட்டித் தொங்கும். இது எப்போதும் அடி இலையில் ஆரம்பித்து மேலே ஏறும். ஹாலிஹாக் வளர்க்கும் யாரும் இதைப் பார்க்காமல் தப்ப முடியாது. பக்ஸினியா மால்வேசியேரம் என்ற பூஞ்சையின் வேலை. இதன் பூர்வீகம் சிலி நாடு. அறிவியல் பெயரோடு விவரிக்கப்பட்டது 1852-ல். அதற்குப் பிறகு அது கண்டம் தாண்டியது. 1873-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருகை சாதாரணமானது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஹாலிஹாக் என்றால் ஒரு மோகம். போட்டிகளில் வைத்துப் பரிசு வாங்குவார்கள். சேஃப்ரன் வால்டன் என்ற ஊரில் வில்லியம் சேட்டர் என்ற நாற்றங்கால்காரர் அடுக்கடுக்கான இதழ்களோடு பல வகைகளை உருவாக்கி வைத்திருந்தார். இன்றும் சேட்டர்ஸ் டபுள் என்ற பெயரில் விதை கிடைப்பது அவரால்தான். நல்ல வகைகளை வேர்த்துண்டாகவும் தண்டுத் துண்டாகவும் பெருக்குவதே அப்போது வழக்கம், விதை போட்டால் நிறம் மாறிவிடும் அல்லவா? துரு வந்ததும் அந்தத் தோட்டங்கள் படுத்துவிட்டன. ஒரே செடியின் துண்டுகளை வருடக்கணக்கில் கொண்டுபோனவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. விதையிலிருந்து வருடாவருடம் புதிதாக வளர்த்தவர்கள்தான் ஹாலிஹாக்கை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தங்கச்சி, இந்தப் பத்தியை இரண்டு தடவை படி.

ஏன் பழைய செடி ஆபத்து என்பதற்கு அந்தப் பூஞ்சையின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும். கோதுமையைத் தாக்கும் துருவுக்கு வாழ்க்கைச் சுற்றை முடிக்க இரண்டு வகைச் செடி வேண்டும், ஒன்று இல்லாமல் இன்னொன்றில் எல்லாக் கட்டத்தையும் கடக்க முடியாது. ஹாலிஹாக் துருவுக்கு அந்தச் சிரமமே இல்லை. ஒரே செடியிலேயே பிறந்து, அதிலேயே பெருகி, அதிலேயே அடுத்த பருவம் வரை தங்கிவிடும். இலையடிக் கொப்புளத்தில் இருக்கும் வித்துகள் ஈரம் பட்டதும் அங்கேயே முளைத்து, இன்னும் சின்ன வித்துகளைக் காற்றில் விடும். அவை பக்கத்து ஈர இலையில் விழுந்தால் புதுக் கொப்புளம். குளிர்காலத்தில் தண்டெல்லாம் காய்ந்துபோனாலும் அடியில் குட்டையாகப் பச்சையாக நிற்கும் நாலு இலை போதும், துரு அதில் குடியிருந்துகொண்டு முதல் ஈரக் காற்றுக்குக் கிளம்பிவிடும். என் தங்கை ஆசையாகக் காப்பாற்றி வைப்பது எதை என்று இப்போது புரிகிறதா?

ஆக என் வழி இதுதான். பூத்து, விதை எடுத்ததும் செடியை வேரோடு தோண்டி எடுத்து, உதிர்ந்த இலையையும் பெருக்கி, குப்பையில் போட்டுவிடுவேன். வீட்டு உரக்குழியில் போடுவதில்லை, அந்தக் குழி பூஞ்சை வித்துகள் எல்லாவற்றையும் கொல்லும் அளவுக்குச் சூடாகும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த விதைப்பு தோட்டத்தின் வேறு மூலையில். மால்வா என்ற களைச்செடி, வட்டமாக மடிப்பு மடிப்பான இலையோடு தானாக முளைக்கும், அதிலும் இதே துரு வாழும். கண்ணில் பட்டால் பிடுங்க வேண்டும்.

வளரும் செடியில் செய்ய வேண்டியதெல்லாம் கீழ் இலையைக் கிள்ளுவது. தினமும் காலையில் தோட்டத்துக்குப் போகும்போது குனிந்து பார்ப்பேன், புள்ளி விழுந்த இலையைக் காம்போடு கிள்ளிப் பைக்குள் போடுவேன். தண்டு மேலே போகப் போக, அடியில் முழங்கால் உயரம் வரை இலையே இல்லாமல் மொட்டையாக நிற்கும். அதனால் செடிக்கு ஒன்றும் குறையாது. ஈரமான கையோடு இந்த வேலையைச் செய்யக்கூடாது, இலையில் பனி காய்ந்த பிறகுதான். தண்ணீர் விடுவதும் வேரடியில்தான். மேலேயிருந்து குழாயைப் பீய்ச்சி இலையைக் குளிப்பாட்டுபவர்கள் துருவுக்கு விருந்து வைக்கிறார்கள். கந்தகத் தூளை நோய் வருவதற்கு முன்பே அடித்து வைத்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், வந்தபின் அடிப்பதில் பெரிய பலன் இல்லை. எனக்கு மருந்தைவிடக் கிள்ளுவதில்தான் நம்பிக்கை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துரு வந்த செடியும் பூக்கும். நன்றாகவே பூக்கும். துருவைப் பார்த்ததும் பயந்து, மொட்டு விட்டுக்கொண்டிருக்கும் செடியைப் பிடுங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தேவையில்லை. பூக்கிறவரை அதன் பாட்டுக்கு விடுங்கள், முடிந்ததும் இரக்கம் காட்டாதீர்கள். மொட்டைக் கால் தெரியக்கூடாது என்றால் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஏதாவது ஒரு செடி நட்டுவிடலாம். ஆனால் நெருக்கி நடக்கூடாது, மறுபடியும் காற்றோட்டம்.

துருவைத் தாங்கும் உறவினர்களும் உண்டு. அத்தி இலைபோல விரல் விரலாகப் பிரிந்த இலையுடைய அல்சியா ஃபிசிஃபோலியா ஒன்று. வெளிர் மஞ்சளாகப் பூக்கும் அல்சியா ருகோசா இன்னொன்று. இரண்டும் சாதாரண ஹாலிஹாக்கைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், முழுசாகத் தப்பிக்கும் என்று சொல்ல மாட்டேன். தங்கைக்குப் பழைய செடியை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும், சமரசம்.

மற்ற பூச்சிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வறண்ட வெயிலில் செஞ்சிலந்தி வரும், இலையடியைத் தண்ணீரால் அடித்துக் கழுவினால் குறையும். அதைச் செய்தால் இலை நனையும், துரு வரும். எனவே வெயில் ஏறும் நேரத்தில், உடனே காயும்படி செய்ய வேண்டும். அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் வந்துபோகும்.

உரத்திலும் கஞ்சத்தனம்தான் நல்லது. நடும்போது மக்கிய தொழுஉரம் ஒரு கூடை, அவ்வளவுதான். தழைச்சத்து அதிகமானால் இலை யானைக்காதாக வளரும், தண்டு பஞ்சாகும், ஒரு காற்றில் சாய்ந்துவிடும். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. விதை தானாக உதிர்ந்து நடைபாதைக் கல்லிடுக்கில் முளைக்கும் செடிகள் பல சமயம் நாம் பார்த்துப் பார்த்து வளர்த்ததைவிடத் திடமாக நிற்கும். கல்லுக்கு அடியில் மண் குளிர்ச்சியாக இருக்கும், வேர் அங்கே ஓடும். செடியின் கழுத்துப் பகுதியோ கல்லுக்கு மேல் காய்ந்தே இருக்கும். அதற்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

கம்பு நடுவது பலரும் தள்ளிப்போடும் வேலை. தண்டு சாய்ந்த பிறகு கம்பு குத்தினால் வேரில்தான் குத்தும். நாற்று நடும் அன்றே பக்கத்தில் கம்பையும் ஊன்றிவிட்டால் தொல்லை இல்லை. கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணியைக் கீற்றாகக் கிழித்து, எட்டு போட்டாற்போல் கம்பையும் தண்டையும் தளர்வாகச் சுற்றுவேன். சுவரோரம் நட்டால் காற்றுக்கு மறைவு, ஆனால் சுவரை ஒட்டி நட வேண்டாம். ஓர் அடியாவது தள்ளி நட்டால் பின்பக்கம் கைவிட்டு இலை கிள்ள முடியும்.

சரி, பூவுக்கு வருவோம்.

மொட்டு விரிந்த முதல் நாள் பூவின் நடுத்தூணைப் பாருங்கள். முழுக்க மகரந்தம், பெண் பாகம் எதுவும் வெளியே தெரியாது. மறுநாள் மகரந்தம் வாடி, அதன் நடுவிலிருந்து மெல்லிய நூல் நூலாகச் சூல்முடிகள் வெளிவந்து விரியும். ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் நடந்துகொள்கிறது. தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல், வேறு பூவிலிருந்து வண்டோ தேனீயோ கொண்டுவரட்டும் என்ற ஏற்பாடு. தேன் இருப்பது இதழ்களின் அடியில், இதழுக்கும் இதழுக்கும் நடுவே உள்ள ஐந்து சந்துகளில். சந்தை மறைத்துச் சின்ன ரோமங்கள் இருக்கும். தேனீ தலையை அதில் நுழைக்கும்போது முதுகு தூணில் உரசும். மகரந்தத் துகள் பெரிது, முள் முள்ளாக வேறு இருக்கும், அதனால் தேனீயின் ரோமத்தில் நன்றாகச் சிக்கிக்கொள்ளும். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டு ஒரு தேனீ பறக்கத் தடுமாறுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இதனால்தான் எனக்கு ஒற்றை இதழ்ப் பூக்கள்தான் பிடிக்கும். அடுக்கு ஹாலிஹாக்கைப் பார்த்தால் யாரோ டிஷ்யூ பேப்பரைக் கசக்கிக் குச்சியில் செருகிவைத்தது போல இருக்கிறது. தூணே இதழாக மாறிப் போயிருக்கும், தேனீக்கு வழி கிடையாது. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துத் தலை தொங்கிவிடும். அழகு என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

என் தோட்டத்து ராணி நிக்ரா என்ற ஹாலிஹாக் வகை. கறுப்பு என்று சொன்னாலும் கறுப்பு அல்ல, மிக அடர்ந்த சிவப்பு. நிழலில் நின்று பார்த்தால் கறுப்பு. மாலை வெயிலுக்கு எதிரே, பூவை நடுவில் வைத்துப் பார்த்தால் சிவப்பு உள்ளிருந்து எரியும். ஆந்தோசயனின் என்ற நிறமி அந்த இதழில் அவ்வளவு அடர்த்தி. என் மகள் பள்ளிச் சோதனைக்காக அந்த இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து ஊதா நிறச் சாயம் எடுத்தாள். எலுமிச்சைச் சாறு விட்டதும் பளிச்சென்று சிவந்தது. சமையல் சோடா போட்டதும் பச்சைக்குத் தாவியது. காகிதத்தில் அதைத் தோய்த்துக் காயவைத்து அமிலம், காரம் பார்க்கும் தாள் செய்துகொண்டு போனாள். பூவைப் பறிக்க நான் அனுமதித்த ஒரே சந்தர்ப்பம்.

நிக்ராவுக்குப் பக்கத்தில் வெள்ளையோ மஞ்சளோ நட்டால், தேனீ சும்மா இருக்காது. அந்த விதையிலிருந்து வரும் பிள்ளைகள் அழுக்கு ரோஜா நிறம், செங்கல் நிறம், வெளிறிய ஊதா என்று எப்படி வேண்டுமானாலும் வரும். நிறம் மாறாமல் வேண்டுமென்றால் ஒரே நிறத்தை மட்டும் வளர்க்க வேண்டும், அல்லது மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டு, விரிந்த பிறகு அதே நிறப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் நாமே தடவ வேண்டும். நான் நிக்ராவை மட்டும் ஒரு மூலையில் தனியாக வைத்து, மற்றதை அவை இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். என்ன நிறம் வரும் என்று தெரியாமல் ஒரு வருடம் காத்திருப்பதில் எனக்கு ஒரு சூதாட்ட சுகம் இருக்கிறது. செடியைக் காப்பாற்றி வைப்பவர்களுக்கு அது கிடையாது. போன வருடம் பார்த்த அதே நிறத்தைத்தான் இந்த வருடமும் பார்ப்பார்கள்.

விதை எடுப்பது இப்படி. பூ உதிர்ந்தபின் பச்சைப் புல்லி மூடி உள்ளே காய் முற்றும். மூடி பழுப்பாகிக் காகிதம்போலத் திறந்துகொண்டால் உள்ளே விதைகள் நாணயங்களை நிறுத்தி வட்டமாக அடுக்கியபடி இருக்கும், ஒரு காயில் 20-லிருந்து 40 வரை. அடிக்காய்கள்தான் முதலில் முற்றும், அவற்றிலிருந்தே எடுங்கள், நுனிக்காய்களில் பொக்கு அதிகம். விதையைச் சுற்றியிருக்கும் காய்ந்த மூடியைத் துளிகூட விடாமல் நீக்க வேண்டும், துருக் கொப்புளம் அதிலும் ஒட்டியிருக்கும், அடுத்த தோட்டத்துக்கு அதன் மூலமாகவே பயணம் போகும். சில இடங்களில் நீண்ட மூக்குள்ள ஒரு சின்னக் கூன்வண்டு மொட்டிலேயே முட்டையிட்டு, அதன் புழு விதையை உள்ளே இருந்தபடி தின்றுவிடும். ஓட்டை விழுந்த விதை தெரிந்தால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, நல்லதை மட்டும் வையுங்கள். காகித உறையில் போட்டு, நிறமும் வருடமும் எழுதி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் சில வருடங்கள் முளைப்புத் திறன் இருக்கும்.

இரண்டு வருடச் செடி என்பதால், வருடாவருடம் பூ வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு வருடம் விதைத்துவிட வேண்டும். ஒரு கூட்டம் பூக்கும்போது இன்னொரு கூட்டம் தரையில் இலை விட்டுக்கொண்டிருக்கும். அந்த இளசுகளைப் பூக்கும் கூட்டத்திலிருந்து முடிந்தவரை தூரமாக வையுங்கள்.

இதையெல்லாம் எழுதி முடிக்கும் நேரத்தில் தங்கையிடமிருந்து செய்தி. "பழசைப் பிடுங்கறேன் அக்கா. ஆனா அந்த இடத்துல சிமென்ட் போடப் போறாங்க, பால்கனித் தொட்டிதான் மிச்சம். தொட்டியில வருமா?" வரும். தொட்டி 40 சென்டிமீட்டராவது ஆழம் இருக்க வேண்டும், மெஜோரெட் மாதிரிக் குட்டை வகையாக இருக்க வேண்டும், ஒரு தொட்டிக்கு ஒரு செடிதான். தொட்டி மண் சீக்கிரம் காயும், எனவே வெயில் நாளில் தினமும் தண்ணீர், அதுவும் இலை நனையாமல். அடுத்த செடி வைக்கும்போது பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போடு. அந்தப் பழைய கட்டையைப் பால்கனிக்குக் கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்காதே.